நெடுமாறன் அடைத்த மலை

திருவையாற்றுப் பக்கத்து விவசாயி நெடுமாறன் ஊரில் ஏறிய பெரிய உயரம் டிராக்டர் சீட்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது மனைவி ஜெயபாரதியோடு பாறையேற்றம் பழகியவர், "உச்சியிலேர்ந்து வீடியோ கால் பண்றேன்" என்று டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குன்றுக்குப் போனார்.

பாறை விரிசலைப் பிடித்து மூன்று கட்டமாக ஏற வேண்டும். முன்னால் ஏறுபவர் விழுந்தால் தாங்குவதற்கு, விரிசலில் உலோக ஆப்புகளைச் செருகிக் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். பின்னால் வருபவர் அவற்றைக் கழற்றி எடுத்து வந்தால்தான் அடுத்த கட்டம் ஏற முடியும்.

முன்னால் ஏறிய நெடுமாறனோ வரப்பில் நண்டு வளை அடைத்தே வளர்ந்தவர். ஓட்டையைக் கண்டால் சொட்டுத் தண்ணீர் கசியாமல் அடைத்தால்தான் அவருக்கு நிம்மதி. ஒவ்வோர் ஆப்பையும் அதே மும்முரத்தோடு இழுத்து இழுத்து இறுக்கினார்.

முதல் கட்டத்தின் மேலிருந்த இச்சி மரத்தடிக்கு ஜெயபாரதி வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்.

"ஆப்பெல்லாம் எங்க?"

"நீங்க அடைச்ச எடத்துலயே இருக்கு. ஒண்ணுகூட அசையல. இனிமே இந்த மலையில தண்ணி கசியாதுங்க!"

மேலே இன்னும் இரண்டு கட்டம். செருக ஒன்றும் இல்லை. மரத்தில் கயிற்றைப் போட்டு இறங்கினார்கள்.

அடிவாரத்தில் கால் வைத்ததும் போன் அடித்தது. டீக்கடை வைரக்கண்ணு.

"உச்சிக்குப் போயாச்சா மாமா?"

"இல்ல மாப்ள. மலையை அடைச்சிட்டு எறங்கிட்டேன்."