பூச்சுக்குக் கீழே

செராமிக் இன்ஜினியரிங் படித்தவர் டைல்ஸ் கம்பெனியிலேயே காலம் தள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை. கம்பெனி மூடியதும் அவர் பல்லுக்குக் கேப் செய்யும் லேபில் சேர்ந்தார். சூளை அதேதான், தரை போய் வாய் வந்தது. ‘டைல்ஸ்’ என்றே அங்கே அவருக்குப் பெயர் விழுந்தது.

ஒரு மதியம் அக்கா லேபுக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேல் கடைவாயில் போன வருஷம் தம்பி செய்து கொடுத்த கேப்.

“கேப்பு கல்லு மாதிரி இருக்குடா. அதுக்கு நேர் எதிர்ல, கீழ்வரிசைல இருக்கிற என் பல்லுதான் கூசுது. தண்ணி பட்டா உயிர் போகுது. தேஞ்சுபோச்சுன்றாரு டாக்டர். அப்படி எதைடா நான் கடிச்சேன்?”

“மாமாவையா இருக்கும்.”

“போடா. அவர் இன்னும் முழுசாத்தான் இருக்கார்.”

சிரித்துக்கொண்டே விளக்கை வாய்க்குள் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கேப்பில் பல் உரசும் இடத்தில் கண்ணாடிப் பூச்சு போயிருந்தது. அடியில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு; கீழ்ப்பல்லை அதுதான் அரைத்திருந்தது.

டைல்ஸில் பூச்சுதான் எல்லாம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில், பூச்சுக்கு முன் கேப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவதை வீண்வேலை என்று விட்டிருந்தார். உடையாததைச் செய்வதுதான் அவருடைய படிப்பு. எதிரில் இருப்பது உயிருள்ளது என்பதற்கு அதில் பாடம் இல்லை.

லேப் முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னார். “நான் சேர்ந்ததிலிருந்து செஞ்ச எல்லாமே இப்படித்தாம்மா. டாக்டர்களுக்குச் சொல்லணும்.”

“அக்காவுக்கு வேற செஞ்சு கொடுங்க. மத்தவங்க யாராவது வந்தாங்களா?”

“வருவாங்க. பல்லு தேய நாளாகும்.”

“வேலில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில விட்டுக்கறீங்க?”

“அது மடியிலதாம்மா இருக்கு.”

“சொன்னா ஒரு டாக்டரும் நமக்கு வேலை தரமாட்டார். இந்த வயசுல உங்களுக்கு வேற யார் தருவா?”

நேர்மை மனிதனை லேசாக்கும் என்கிறார்கள். திரும்பி வந்து போனை எடுத்தவர் நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தியதைத்தான் அக்கா பார்த்தாள். அவளுடைய டாக்டரையே முதலில் கூப்பிட்டார்.

“என்ன டைல்ஸ், கேப்பு ரெடியா?”

நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“எங்கம்மாவுக்கும் நீங்க செஞ்சதுதானே?”

“ஆமா டாக்டர்.”

முதலாளியம்மா அதற்குள் சூளையை அணைத்திருந்தாள்.