ஜன்னலை மறைத்த பீரோ

அந்த வீட்டில் நல்ல ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் முன்னால் மாமியாரின் மரப் பீரோ நிற்கிறது. மாமியார் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பீரோவுக்கு மட்டும் இன்னும் சாவு வரவில்லை.

பீரோ மட்டுமா? கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் வாழும் வீட்டில் பத்துப் பேர் உட்காரும் மேசை. ரசம் போன நிலைக்கண்ணாடி. யாரும் உட்காரக் கூடாத சாய்வு நாற்காலி. எல்லாம் "அம்மாவோடது". கிடங்கில் வேலை பார்க்கும் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பீரோவின் கதவை ஒருமுறை தடவிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். செத்தவருக்கு முன்னறை முழுக்கச் சொந்தம். உயிரோடு இருந்து தைத்துச் சம்பாதிக்கும் மனைவிக்குச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு நடைவழி. தையல் மிஷினைப் போட்டால் ஒருவர் ஒருக்களித்துத்தான் போக முடியும். பட்டப்பகலிலும் டியூப் லைட் எரிய வேண்டும்.

அவர் தைப்பது பழந்துணி. யாரோ எப்போதோ மாட்டிய திரைச்சீலை, மேசைவிரிப்பு, இப்போது எந்த ஆலையிலும் நெய்யாத பூப்போட்ட பருத்தி. பழந்துணிக்காரரிடம் எடைக்கு வாங்கி, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையே நீவிப் பார்ப்பார். பழந்துணி முதலில் சாவது மடிப்பில்தான். அந்த மடிப்பை வெட்டி எறிந்துவிட்டு, திடமான இடத்தை மட்டும் துண்டுபோட்டு ஒட்டுப்போர்வை தைப்பார். கணவரின் தங்கை அவருக்கு வைத்த பெயர் 'கந்தல் மகாராணி'. வாரம் தவறாமல் வந்து, அம்மாவின் சாமான்களைத் தூசி பார்த்துவிட்டு, கிளம்பும்போது ஒரு போர்வையையும் இலவசமாகக் கேட்பவர் அவர்தான்.

பழைய கருநீலமும் பழைய கறுப்பும் டியூப் லைட்டில் ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் துணியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவாசலில் நின்று பார்ப்பது வழக்கம். முழங்கால் வீங்கியிருந்த ஒரு வாரம், கண்ணை நம்பித் தைத்துவிட்டார்.

அவர் தைப்பதை வாங்கி விற்கும் கடைக்காரப் பெண் அந்தப் போர்வையைக் கடை வாசலில் விரித்துக் காட்டினார். "அக்கா, இங்க பாருங்க. கறுப்பு வரிசையில நாலு கட்டம் நீலம். ஏதோ பல்லு விழுந்த மாதிரி இருக்கு."

"உள்ள வெளிச்சம் பத்தலம்மா."

"எனக்குப் புரியுது. வாங்குறவங்களுக்குப் புரியணுமே? வெளியூர்ல ஒரு விடுதிக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கு. எல்லாமே கருநீலம். உங்க கையிலதான் குடுக்க ஆசை. ஆனா பகல் வெளிச்சத்துல உக்காந்து தைக்கறதா இருந்தா சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் கணவர் சட்டையைக் கழற்றும்வரை பொறுத்திருந்து கேட்டார். "என்னங்க, பீரோவை அந்தச் சுவத்துப் பக்கம் தள்ளிடலாமா? ஜன்னலுக்கு நேரா மிஷினைப் போட்டுக்கறேன்."

"அம்மா வெச்ச இடம் அது."

"அத்தை வெச்சப்ப நான் தைக்கல."

"ஒரு பீரோ உன் கண்ண உறுத்துதா?"

"கண்ண மறைக்குது. உறுத்தினாக்கூடப் பரவால்ல."

தங்கைக்குப் போன் போயிற்று. மறுநாளே வந்து நின்றார். "அண்ணி, இன்னிக்கு பீரோவைத் தள்ளுவீங்க, நாளைக்கு அண்ணனைத் தள்ளுவீங்க."

"உங்க அண்ணன் ஜன்னலை மறைக்கலியே."

கணவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் தயவில் தச்சரைக் கூப்பிடச் சம்மதித்தார்.

தச்சர் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பீரோவின் பின்பலகையைத் தட்டினார். சத்தமே வரவில்லை. எழுந்து உட்கார்ந்து மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இதுல மரம் எங்க இருக்கு? காலு ரெண்டும் செல்லரிச்சுப் போச்சு. கித்தான் துணியைப் பட்டையா வெட்டி, பசை போட்டுச் சுத்தி, மேல தெச்சிருக்காங்க. பின்பலகையும் துணிதான், கஞ்சி போட்டு விறைப்பா இழுத்துக் கட்டியிருக்கு. யாரு செஞ்சது?"

கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான்" என்றார் மனைவி. "அடைமழையில சாஞ்சிடுச்சு. இவரு சாப்பிடாம உக்காந்திருந்தாரு. மனசு கேக்கல."

"நல்லா செஞ்சீங்க போங்க! அன்னிக்கே என்னைக் கூப்பிட்டிருந்தா வெறகுன்னு சொல்லியிருப்பேன். இப்ப நகத்தினா பொலபொலன்னு கொட்டிடும். நகத்தலன்னா உங்க தையல் இருக்கறவரைக்கும் நிக்கும்."

"அப்ப அங்கேயே நிக்கட்டும்" என்றார் கணவர், பாரம் இறங்கியவர் போல.

பொருளுக்கு உயிர் இருப்பதாக நம்புகிறவர்களோடு வாதாடலாம். ஆனால் அந்த உயிரை ஊதிக்கொண்டிருப்பது தன் மூச்சுதான் என்று தெரியவந்தவர் யாரோடு வாதாடுவது? கணவரின் முகம் வாடக் கூடாது என்று போட்ட தையல் ஒவ்வொன்றும் அவருடைய ஜன்னலுக்கே போட்ட தாழ்ப்பாள். அன்பு என்ற பெயரில் பெண்களிடம் இந்தச் சமூகம் கூலியில்லாமல் வாங்கும் வேலை இதுதான். அவர்களைக் கொண்டே அவர்கள் கதவைப் பூட்டச் சொல்வது.

கடைக்காரப் பெண்ணுக்கு அவரே போன் செய்து, முடியாது என்றார். ஆர்டர் வேறு கைக்குப் போயிற்று.

அடுத்த வாரம் தங்கை வந்தபோது சாய்வு நாற்காலியின் மெத்தை ஓரம் பிரிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. மெத்தையின் நடுவில் இருந்த பள்ளத்தை உள்ளங்கையால் தடவி, "அம்மா இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கு" என்று கண் கலங்கினார். "அண்ணி, பள்ளம் கலையாம ஓரத்தை மட்டும் தெச்சிடுங்க."

"மாட்டேன்."

"என்னது?"

"தெக்க மாட்டேன். அது அத்தை உக்காந்த பள்ளமும் இல்ல. பழைய பஞ்சு மக்கி, புழு வெச்சு, அள்ளிக் கொட்டினேன். புதுப் பஞ்சு அடைச்சு, பள்ளம் வரணுமேன்னு தினமும் மத்தியானம் நானே உக்காந்து உக்காந்து எழுந்தேன். நீங்க தடவறது என் இடுப்பு."

தங்கை கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "அண்ணா, கேட்டியா இத?" கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். "நெசமாவா?" என்று மட்டும் கேட்டார்.

"நெசந்தான்."

"சரி... தெச்சிடக் கூடாதா, எப்பவும் போல?"

"நீங்க தெச்சுக்குங்க. ஊசி தரேன்."

ஊசியை யாரும் வாங்கவில்லை. மெத்தை இன்னும் பிரிந்துதான் கிடக்கிறது. அவரும் நடைவழியில் டியூப் லைட்டுக்குக் கீழேதான் தைக்கிறார், வெள்ளையும் மஞ்சளுமாக, குழப்பமில்லாத துணிகளை மட்டும். பெருக்கும்போது பீரோவுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். இடது காலில் சுற்றிய கித்தான் ஓரத்தில் நூல் விட்டிருக்கிறது. ஒரு விரற்கடைத் தையல் போட்டால் பிரிவது நின்றுவிடும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.