பரமகுருநாதன் எழுதிய மறுப்புக் கடிதம்

சென்ற வாரம் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது கமலாவின் அழைப்பு வந்தது. "மிஸிஸ் ஜெயம், அவர் விடிய எழும்பேல்லை" என்றார். மீனை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். கமலாவின் கணவரும் என் பழைய சக உத்தியோகத்தருமான திரு. பரமகுருநாதன் காலமாகி இன்றோடு எட்டு நாள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் பிரபலமானவர் அல்லர். வெளிநாட்டு விவகாரங்களைப் பார்க்கும் அரச பிரிவொன்றில், உலக அமைப்பொன்றின் வரவுசெலவுத் திட்டத்தையும் பணியாணைகளையும் வாசிப்பதே அவருடைய தொழில். பணியாணை என்பது, இன்ன வேலையைச் செய் என்று உறுப்பு நாடுகள் கூடி அந்த அமைப்புக்கு இடும் கட்டளை. சேவைக்காலம் முழுவதும் அவர் அதைத்தான் வாசித்தார்.

நான் அந்தப் பிரிவுக்குத் தலைவியாகப் போனபோது அவர் வயதிலும் அனுபவத்திலும் எனக்கு மூத்தவர். எனக்குக் கீழே வேலை செய்ய அவருக்குக் கசக்குமோ என்று பயந்தேன். முதல் நாளே ஒரு தடித்த ஆவணத்தை என் மேசையில் வைத்து, முன்னுரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்பில் தொடங்கச் சொன்னார். முன்னுரையில் வாக்குறுதி இருக்குமாம், யாருடைய கதிரை தூக்கப்படுகிறது என்பது பின்னிணைப்பில்தான் இருக்குமாம். எரிச்சலோடு வாசித்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அந்த அமைப்பில் சீர்திருத்தப் பேச்சு கிளம்பியது. காசு இல்லை, ஆணைகள் மலிந்துவிட்டன, ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள், ஆகவே சேர்ப்போம், குறைப்போம் என்றார்கள். பரமகுருநாதன் சீர்திருத்தத்துக்கு எதிரி அல்லர். யாரும் படிக்காத அறிக்கைகளை நிறுத்தச் சொல்லி அவரே ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். ஆனால் காசுத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் ஆணைகள் அல்ல, பெரிய நாடுகள் சில தங்கள் பங்கை நேரத்துக்குக் கட்டாததுதான் என்பதில் அவர் அசையவில்லை. வெட்டு தலைமையகத்தின் உயர் பதவிகளில் விழாது, எங்களைப் போன்ற நாடுகளில் இருக்கும் சின்ன அலுவலகங்களில்தான் விழும் என்றும் சொன்னார். வளர்முக நாடுகளின் குழுக் கூட்டமொன்று முடிந்து வெளியே வரும்போது என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாரும் சேந்து இட்ட ஆணையை எல்லாரும் சேந்துதான் எடுக்கலாம். கணக்குப் பாக்கிறவர் எடுக்கேலாது."

அவர் உயிரைக் கொடுத்துக் காக்க நினைத்தது அந்த அமைப்பின் ஒரேயொரு சின்னப் பிரிவை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று விசாரித்து, குடும்பத்துக்குப் பதில் வாங்கித் தரும் பிரிவு அது. கொழும்பில் அதற்கு இரண்டு மேசைகள் இருந்தன. கொச்சிக்கடையைச் சேர்ந்த பிலோமினா என்ற தாயின் கோப்பு அங்கே இருந்தது. வீட்டு வேலைக்குப் போன அவருடைய மகள் ஒரு வருடத்துக்குள் பெட்டியில் வந்தாள். கடதாசியில் இயற்கை மரணம் என்று இருந்தது. குளிப்பாட்டியவர்கள் முதுகில் கண்டது வேறு. அந்த நாட்டு வைத்தியசாலைப் பதிவுகள் வரவேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் விசாரணை நின்றது.

அந்த நேரம் பார்த்து, அந்தப் பிரிவையும் மூடலாம் என்று சீர்திருத்த வரைவு சொன்னது. பரமகுருநாதன் மாதக்கணக்காக வாதாடி, உறுப்பு நாடுகளின் அனுமதி இல்லாமல் மூடக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்ப்பித்தார். இறுதி வரைவு வந்தபோது அந்த வரி இல்லை.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. வரைவைச் சுற்றுக்கு விடுவார்கள். குறித்த நேரத்துக்குள் எந்த நாடும் மறுப்புக் கடிதம் அனுப்பாவிட்டால் எல்லோரும் சம்மதம் என்று முடிவாகிவிடும். வளர்முக நாடுகளான எங்களுக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. தனித்து எழுதுவதில்லை, குழுவின் இணைப்பாளரே எல்லோருக்குமாக எழுதுவார். எங்கள் பலமே அந்த ஒற்றுமைதான்.

அன்றைய கெடு எங்கள் நேரம் பின்னேரம் நாலரை மணி. இரண்டு மணிக்கே பரமகுருநாதன் மறுப்புக் கடிதத்தை எழுதி என் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். பொறுப்போம், இணைப்பாளர் எழுதுவார், நாங்கள் தனியே எழுதிக் குழுவை உடைத்தோம் என்ற பெயர் வேண்டாம் என்றேன். அது நியாயம்தான். நான் பயந்ததும் உண்மை. அவர் கதிரையில் உட்காரவில்லை. "மிஸிஸ் ஜெயம், எல்லா நாட்டிலயும் இப்ப இப்பிடித்தான் ஒராளை ஒராள் பாத்துக்கொண்டு இருப்பினம்" என்றார்.

நாலரை தாண்டியது. இணைப்பாளரை ஐந்து மணிக்குத்தான் தொலைபேசியில் பிடிக்க முடிந்தது. இது உங்கள் நாட்டு விடயம், நீங்கள் எழுதுவீர்கள் என்றல்லவா இருந்தேன் என்றார். மற்ற நாடுகளும் அதையே சொல்லின. ஒரு நாடும் எழுதவில்லை. அடுத்த மாதமே அந்தப் பிரிவை மூடினார்கள். பிலோமினாவின் கோப்பு எங்கே போனது என்று சொல்ல ஆள் இல்லை.

மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். கடிதத்தைத் தயாரிக்கத் தாமதமானது தன்னால்தான் என்று பரமகுருநாதன் குறிப்பு எழுதினார். எனக்கு அப்போது வெளிநாட்டுப் பதவி ஒன்று பேசப்பட்டுக்கொண்டிருந்தது, அது அவருக்குத் தெரியும். குறிப்பு என் மேசைக்கு வந்தது. வாசித்தேன். ஒப்பமிட்டு மேலே அனுப்பினேன். எனக்குப் பதவி கிடைத்தது. அவர் அதே தரத்தில் ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பிறகும் பதிவுகளைக் கேட்டு அந்த வைத்தியசாலைக்குத் தன் பெயரில் எழுதிக்கொண்டே இருந்தார் என்று கமலா சொன்னார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அவருடைய உடல் வைக்கப்பட்டிருந்த பொரளை மலர்ச்சாலைக்குப் பிலோமினா வந்திருந்தார். நெடுநேரம் பெட்டியருகே நின்றுவிட்டு என்னிடம் வந்து, "மிஸ், ஐயா இல்லாம இனி யாருக்கிட்ட போய் கேக்கிறது?" என்றார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அந்தக் கடிதம் போகாமல் தடுத்தது அவர் அல்ல, நான்தான் என்று சொன்னேன்.

பிலோமினா என் முகத்தையே பார்த்தார். "அவரு வீட்டுக்கு வந்து, நான்தான் பிந்திட்டேன்னு சொன்னாரு மிஸ். நான் உள்ள கூட கூப்பிடல. வாசல்ல நிக்க வச்சு, எம் பிள்ளைய ரெண்டாந்தரம் கொன்னுட்டீங்கன்னு ஏசினேன். கேட்டுக்கிட்டே நின்னாரு."

பிறகு என்னை விட்டுவிட்டுப் பெட்டிக்குத் திரும்பிப் போனார். பரமகுருநாதனின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். மூட வந்தவர்கள் இரண்டு தரம் சொல்லியும் அவர் கையை எடுக்கவில்லை. கமலா வந்துதான் எடுத்துவிட்டார்.

திரு. பரமகுருநாதன் அவர்களே, நீங்கள் எழுதிய குறிப்பு பொய் என்பதை இதை வாசிக்கும் எல்லோரும் அறியட்டும். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் மூன்று ஒழுங்கைகளின் தூரம்தான். இத்தனை வருடமாக நடந்துவந்து மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் இருந்தது. கேட்கவில்லை. போய் வாருங்கள்.