சீசனில் ஓட்டமாட்டேன் என்றவர்

என் கணவருக்கு எதிரில் நிற்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வராது. திடீரென்று சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். இதற்கு இன்று ஆட்டிசம் என்று பேர் இருக்கிறது. அறுபதுகளில் தென்காசியில் அவருடைய உறவுக்காரர்கள் வைத்திருந்த பேர் அரைக்கிறுக்கு. பெண் கேட்டு வந்த அன்றைக்கு மட்டும் கூச்ச சுபாவம் என்றார்கள்.

மாமனார் ஒரு பழைய கார் வாங்கினார். என் கணவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நாத்தனாரின் கணவர் தானாகவே எடுத்துக்கொண்டார். கற்றுக்கொடுப்பது என்றால் அவரைப் பொறுத்தவரை பக்கத்தில் உட்கார்ந்து கத்துவது.

கடையம் ரோட்டில் கொஞ்ச நாள் ஓட்டியதில் கியரும் பிரேக்கும் என் கணவருக்குப் பழகிவிட்டன. அது போதுமாம். சாரல் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே காரில் அடைத்து, குற்றாலத்துக்கு விடச் சொன்னார் அந்த மேதை.

மேலகரம் தாண்டியதும் ஒரே நெரிசல். பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. "போலே, போ! என்னத்தலே பாக்க?" என்று நாத்தனார் கணவர் இவர் காதருகே அலறினார். என் கணவர் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"பாத்தியாம்மா ஒம் புருசன? இவனுக்கு மாட்டுவண்டிதான் லாயக்கு" என்று நாத்தனார் கணவர் என்னிடம் சொன்னார். காரில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

சில நாள் கழித்து என் கணவர் என்னிடம், "நீ வா. பேசாத. நான் கேட்டா மட்டும் சொல்லு" என்றார். விடிகாலையில் ஆளில்லாத ரோட்டில் பழகினோம். கீழப்பாவூருக்குக் காரில் போவதற்கு முன்னால் பஸ்ஸில் ஒருமுறை போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தார். தலை கனத்தால் ஓரமாக நிறுத்தி, இறங்கி நிற்பார். மழை நாளில் சாவியைத் தொடமாட்டார். இப்படியே பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டார்.

அடுத்த குற்றாலச் சீசனில் நாத்தனார் கணவர் வந்து நின்றார்.

"ஏலே மாப்ள, லைசென்ஸ் வாங்கிட்டேல்லா? எடு வண்டிய, குத்தாலத்துக்கு."

"சீசன்ல நான் ஓட்டமாட்டேன் அத்தான். கூட்டமும் ஹாரனும் எனக்கு ஆகாது."

"ஆம்பள பேசுத பேச்சாலே இது?"

"நாங்க பஸ்ல வாரோம்" என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன்.

அன்றைக்குக் காரை அந்த ஆம்பளையே ஓட்டினார். வளைவில் ஒரு லாரியை முந்தப்போய் வயலுக்குள் இறக்கினார். பின்னால் பஸ்ஸில் வந்த நாங்கள் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கினோம். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ரோடு சரியில்லை என்றார் ஓட்டியவர். சேறு அப்பிய வேட்டியோடு நின்ற உறவுகள் அத்தனையும் ஆமாம், ரோடுதான் என்று தலையாட்டின.

என் கணவர் காரைச் சுற்றிவந்து பார்த்தார். "ரேடியேட்டர் ஒழுகுது அத்தான்" என்றார்.