ஆள் நடந்தால் எரியும் விளக்கு

எங்கள் குப்பத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் இருந்த பழைய மஞ்சள் விளக்கை உப்புக்காற்று தின்றுவிட்டது. பெட்டியைத் தொட்டால் துரு செதில் செதிலாக உதிரும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். அதனால் கடல் பார்த்த சுவரில் வரிசையாகச் சோலார் எல்இடி விளக்குகள் வந்தபோது எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

மாட்ட வந்தவர் விளக்கிச் சொன்னார். "மழைக்காலத்துல பேட்டரி தாங்கணும்ல. கீழ ஆளு நடந்தா பளிச்சுனு எரியும். யாரும் இல்லன்னா மங்கிடும். ஒவ்வொரு லைட்டுக்கும் தனித்தனிக் கண்ணு இருக்கு."

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "எங்கூட்டுக்காரரு மாதிரினு சொல்லு. ஆளப் பாத்தாத்தான் முழிச்சிக்குவாரு."

அவள் சொன்னது எதையும் நான் மறப்பதில்லை.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் மணல் திட்டு. இருட்டில் திரும்பும் படகுகள் அந்தக் கட்டடத்து வெளிச்சத்தை நேராக வைத்துக்கொண்டுதான் நடுவில் நுழையும். கொஞ்சம் பிசகினாலும் திட்டில் ஏறும், அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

அது ஐப்பசி மாதம். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. பொழுது சாய்வதற்குள் எல்லாப் படகுகளும் வந்துவிட்டன, எங்கள் படகைத் தவிர. அதில் என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் இருந்தார்கள். போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தேடிப் போக இன்னொரு படகை இறக்கினார்கள். அலை அதைக் கரைக்கே திருப்பித் தள்ளியது.

படகு வராத வீட்டார் கரையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். படகு மணலைத் தொடும்வரை நடக்கக் கூடாது. ஊர்ச்சனமும் துணைக்கு உட்காரும். அன்றும் அப்படித்தான் மழையில் நனைந்தபடி கடலைப் பார்த்து எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று எங்கள் நிழல் எங்களுக்கு முன்னால் அலைமேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே மழைக்கு ஒதுங்கியிருந்த ஆடு ஒன்று எழுந்து உடம்பை உதறியது. அதன் தலைக்கு மேலே ஒரே ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆடு மறுபடி படுத்தது. சற்று நேரத்தில் விளக்கு மங்கியது. கடலிலிருந்து பார்த்தால் அந்த இடம் மொத்தமும் இருட்டாகத்தான் இருக்கும்.

எழுந்தேன். மாமியார் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி போற? குந்து. நீ அலைஞ்சா அவனுங்களும் அலைவானுங்க."

"அத்தை, லைட்டு மங்கிக்கிது. ஊரே இங்க குந்திக்கினு இருக்கு, அங்க நடக்க ஆளு இல்ல. ஆடு எந்திரிச்சா எரியுது, பாரு."

"ரெண்டும் எம் புள்ளைங்கடி. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா…"

புடவையை உருவிக்கொண்டு ஓடினேன். நான் நடந்த இடத்தில் விளக்கு எரிந்தது, தாண்டிப் போனதும் பின்னால் மங்கியது. ஒருத்தி நடந்து அத்தனை விளக்கையும் காப்பாற்ற முடியாது. அழுதுகொண்டே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினேன்.

அப்போது மாமியார் எழுந்து வந்தாள். அவளே எழுந்த பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஊரே கட்டடத்தைச் சுற்றத் தொடங்கியது. வரிசை முழுக்க வெளிச்சம்.

"கோயில்லகூட இத்தினி சுத்து சுத்தல" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.

கால் மரத்துப்போயும் நடந்தோம். என்ஜின் சத்தம் முதலில் காற்று என்றுதான் தோன்றியது. பிறகு அலைகளுக்கு நடுவே படகின் மூக்கு தெரிந்தது.

இறங்கியதும் என் வீட்டுக்காரர் சொன்னார், "ஒரே இருட்டு. எது தெற்கு, எது வடக்குன்னே தெரில. அப்பால ஒரு லைட்டு இங்கியும் அங்கியும் ஓடிச்சு. யாரோ தேடுறாங்கனு அந்தப் பக்கமா திருப்பினேன்."

மாமியார் அப்போதும் நடந்துகொண்டிருந்தாள். கொழுந்தன் போய் அவள் கையைப் பிடித்தான்.

"யம்மா, வந்துட்டோம். குந்து."

"படகக் கரைக்கு ஏத்துங்கடா முதல்ல" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு சுற்றுக்குப் போனாள்.