தேனீக்குப் பாதி, மருந்துக்குப் பாதி

அனெஸ்திஸ் எங்கள் ஊரில் முதன்முதலாக விவசாயிகள் கூட்டம் போட்டபோது ஆளுக்கு நாலு தாள் கொடுத்தார். பசுமைக்குடிலுக்குள் ஈரம் ஏறினால் தக்காளிக்கு என்ன நோய் வரும் என்று அதில் அச்சடித்திருந்தது. எல்லாரும் பக்கம் திருப்பினார்கள். என் வீட்டுக்காரர் மனூசோஸ் மட்டும் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினார். எழுத்துக்கும் அவருக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. அனெஸ்திஸ் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார். "மன்னிக்கணும், அச்சுல ஏகப்பட்ட தப்பு. தாளையெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க. நான் வாயாலயே சொல்லிடறேன்" என்றார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் தாள் கிடையாது. ஏன் கொடுக்கவில்லை என்று மேலிடத்தில் திட்டு வாங்கினாராம். அன்று என் கூடையில் தங்கிவிட்ட ஒரு தாளை வீட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை.

அவர் வடக்கே, பனி விழுகிற ஊர்க்காரர். பயிர் விஞ்ஞானம் படித்துவிட்டு, கிரேத்தா தீவின் தென்கரையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தார். மலையடிவாரத்திலிருந்து கடல் வரை பிளாஸ்டிக் கூரையாகவே தெரிகிற ஊர் எங்களுடையது. அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் சிரித்த முதல் படித்தவர் அவர்தான்.

வந்த புதிதில் குளிருக்கு ஒரு வழி சொன்னார். நீளமான பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரை நிரப்பிச் செடி வரிசைகளுக்கு நடுவே படுக்கப் போட வேண்டும். பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு ராத்திரியில் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சீஃபிஸ் காப்பிக்கடையில் எழுந்து நின்று கேட்டான்: "தக்காளிக்கு இப்ப என்ன, இடுப்பு வலியா? வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்றீங்க!" ஒரு வாரத்தில் சீஃபிஸின் ஆடு குடிலுக்குள் புகுந்து பையைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டது. அனெஸ்திஸ் கோபப்படவில்லை. அடுத்த தடவை பையைக் கொஞ்சம் தடிமனாகச் செய்யச் சொன்னார், அவ்வளவுதான்.

பிறகு வந்தது தேனீ.

குடிலுக்குள் காற்று இல்லாததால் பூ தானாகக் காய் பிடிக்காது. நாங்கள் எல்லாரும் கையில் தெளிப்பானை வைத்துக்கொண்டு பூப்பூவாகக் காய் பிடிக்க வைக்கிற மருந்து அடிப்போம். காய் பெரிதாக வரும். அறுத்தால் உள்ளே பாதி காலி. அதற்குப் பதில் அட்டைப்பெட்டியில் வருகிற குண்டுத்தேனீயை விட்டால் போதும் என்றார் அனெஸ்திஸ். உடம்பெல்லாம் மயிர், கம்பளிச் சட்டை போட்ட மாதிரி இருக்கும். மூன்று வருஷம் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் ஏதென்ஸிலிருந்து உத்தரவு வந்தது: இந்த வசந்தத்துக்குள் ஊரில் யாராவது தேனீயை ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஆராய்ச்சியை மூடு, நீ இங்கே வந்து மேஜையில் உட்கார்.

"மேஜையில நான் என்ன விளைவிக்கறது?" என்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார். முகம் வாடியிருந்தது. நான் ரொட்டியும் ஆலிவும் வைத்தேன். மனூசோஸ் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "முழுசா தர மாட்டேன் அனெஸ்திஸ். வயிறுன்னு ஒண்ணு இருக்கு. பாதிக் குடில் எடுத்துக்க."

"பாதிதான் எனக்கு வேணும்! முழுசாக் குடுத்தாலும் பாதியத் திருப்பித் தருவேன்" என்று அவர் எழுந்து மனூசோஸைக் கட்டிக்கொண்டார். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. குடிலின் நடுவே வலை கட்டினார். இந்தப் பக்கம் தேனீ, அந்தப் பக்கம் பழையபடி மருந்து. மண், தண்ணீர், உரம், விதை எல்லாம் ஒன்றே. தேனீ மட்டும்தான் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று தினமும் வந்து பார்த்தார்.

பத்து நாளில் மனூசோஸ் அலறிக்கொண்டு வந்தார். "பூவையெல்லாம் கடிச்சுப் போட்டிருக்கு! எல்லாம் பழுப்பா இருக்கு!"

"அது தேனீ வந்துட்டுப் போன அடையாளம்யா. கன்னத்துல முத்தம் வச்சா சாயம் ஒட்டாதா?" என்றார் அனெஸ்திஸ்.

"உன் பொண்டாட்டி சாயம் பூசறவளா இருக்கலாம். என் பூ பூசாது" என்று மனூசோஸ் பெட்டியைத் தூக்கி எறியப் போனார். நான்தான் தேவமாதா பேரைச் சொல்லித் தடுத்தேன்.

அப்படியே திருமுழுக்குத் திருநாள் வந்தது. வழக்கப்படி தீத்தோஸ் சாமியார் செம்பு வாளியில் தீர்த்தமும் திருநீற்றுப்பச்சைக் கொத்தும் எடுத்துக்கொண்டு வீடு, தொழுவம், குடில் என்று தெளித்துக்கொண்டே வந்தார். நான் அவரை நேரே தேனீப் பக்கம் கூட்டிப்போனேன். "சாமி, இங்க கொஞ்சம் தாராளமா. அந்தப் பக்கத்துக்கு மருந்து இருக்கு. இதுக்கு ஆண்டவரை விட்டா யாரு இருக்கா?" சாமியாரும் கை நிறையத் தெளித்தார். வாளி ஏறக்குறைய காலி. வெளியே போகத் திரும்பினார்.

அப்போதுதான் அனெஸ்திஸ் சேற்றுப் பூட்ஸோடு ஓடி வந்தார். "சாமி! போகாதீங்க! அந்தப் பக்கமும் தெளிங்க!"

"தண்ணி தீர்ந்துபோச்சுப்பா. இன்னும் நாலு தெரு பாக்கி."

"தெளிச்சா ரெண்டு பக்கமும் தெளிக்கணும் சாமி. ஒரு பக்கம் மட்டும் தெளிச்சா என் ஆராய்ச்சியே போச்சு."

சாமியார் புருவத்தைத் தூக்கினார். "ஞாயித்துக்கிழமை கோவில் பக்கம் தலையைக் காட்டாதவன் நீ. என் தீர்த்தத்துமேல உனக்கு எப்படி இவ்வளவு நம்பிக்கை வந்துச்சு?"

"ஒருவேளை வேலை செஞ்சுட்டா? நான் என்ன பண்ணுவேன்?"

சாமியாருக்கு வந்த சிரிப்பில் தலைத்தொப்பி சாய்ந்துவிட்டது. ஆனாலும் மனுஷர் நல்லவர். முழங்கால் வலியோடு கோவிலுக்குத் திரும்பி நடந்து வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். அத்தோடு விட்டாரா அனெஸ்திஸ்? "அங்க ஒரு வரிசைக்கு எத்தனை தடவை கொத்தை முக்கினீங்க?" என்றார்.

"ஆசீர்வாதத்துக்குக் கணக்கு கேக்கற முதல் ஆள் நீதான்டா" என்று முணுமுணுத்தாலும், சாமியார் வரிசைக்கு மூன்று தடவை முக்கி, அந்தப் பக்கம் முழுக்க அதே அளவில் தெளித்து முடித்தார். மனூசோஸ் பின்னாலேயே நின்று விரல் விட்டு எண்ணினார்.

தவக்காலத்தின் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் காப்பிக்கடைக்கு வந்தபோது அனெஸ்திஸ் இரண்டு கூடைகளை மேஜையில் வைத்தார். ஏதென்ஸுக்குப் பதில் எழுத வேண்டிய வாரம் அது. கத்தியை எடுத்தார். மருந்துப் பக்கத்துத் தக்காளியை அறுத்தார். பெரிது, ஆனால் உள்ளே பொந்து. தேனீப் பக்கத்துத் தக்காளியை அறுத்தார். விதையும் சாறும் மேஜையில் வழிந்து சீஃபிஸின் ஞாயிற்றுக்கிழமைக் காற்சட்டையை நனைத்தது. எடையும் கூடுதல்.

சீஃபிஸ்தான் துடைத்துக்கொண்டே என்னைக் காட்டி ஆரம்பித்தான். "இதுல என்ன இருக்கு? ஆர்கிரோ அண்ணி சாமியாரைத் தேனீப் பக்கம் கூட்டிட்டுப் போய்த் தெளிக்க வச்சாளாம். ஊருக்கே தெரியும். இது தேனீ இல்ல, தீர்த்தம்!"

எல்லாரும் "அதானே, அதானே" என்றார்கள். நான் நல்லது நினைத்துச் செய்தது இந்த மனுஷரை ஏதென்ஸுக்கு அனுப்பிவிடும் போலிருந்தது. அனெஸ்திஸ் சாமியாரைப் பார்த்தார்.

தீத்தோஸ் சாமியார் காப்பியைக் கீழே வைத்தார். "ஏண்டா சீஃபிஸ், நான் எதுக்குடா முட்டி வலியோட ரெண்டாந்தடவை நடந்தேன்? ரெண்டு பக்கமும் தெளிச்சேன். வரிசைக்கு மூணு முக்கு. அங்க ஒரு சொட்டு அதிகம் இல்ல, இங்க ஒரு சொட்டு குறைச்சல் இல்ல."

"நான் எண்ணினேன்" என்றார் மனூசோஸ்.

"ஆண்டவர் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு குடுத்துட்டார். அப்ப மிச்சம் என்ன? அந்தப் பூச்சிதான். இதுக்கு மேலயும் தேனீ இல்லன்னு சொல்றவன், என் தீர்த்தம் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்னு சொல்றான். யாரு சொல்லுங்க, பேரைக் குறிச்சுக்கறேன்."

மண், உரம், எடை என்று அனெஸ்திஸ் மூன்று வருஷம் சொல்லியும் ஏறாதது, இந்த ஒரு பேச்சில் ஏறிவிட்டது. எதற்காகப் பாதிதான் வேணும் என்றார் என்று எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

சாயங்காலம் சீஃபிஸ் எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்தான். "அண்ணி, அந்தப் பெட்டி எங்க கிடைக்கும்? எனக்கில்ல, மாமனார் கேக்கறார்."

"உன் மாமனார் செத்து நாலு வருஷம் ஆச்சேடா."

"அவருக்கு அப்பவே தக்காளின்னா உயிரு" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அடுத்த பருவத்தில் ஊரில் பாதிக்குமேல் தேனீதான். ஏதென்ஸ் மேஜை காலியாகவே கிடந்தது. அனெஸ்திஸ் எங்களோடேயே இருந்தார். பூச்சி வலை, இரட்டைக் கூரை, மழைத்தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் குடிலில் பாதியில்தான் ஆரம்பிப்பார். பல தோற்றன. தோற்றதையும் காப்பிக்கடைக்கு வந்து அவரே முதலில் சொல்லிவிடுவார்; சீஃபிஸுக்குச் சிரிக்க மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

முடி முழுக்க நரைத்த பிறகு ஓய்வு பெற்றார். மகள் வீட்டுக்கு, வடக்கே புறப்பட்டார். பேருந்து நிறுத்தத்தில் நானும் மனூசோஸும்தான். மற்றவர்களுக்கு அறுவடை. அவர் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் விஞ்ஞானி வந்திருந்தாள்; மண்ணே இல்லாமல் தக்காளி வளர்க்கலாம் என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள். அதைப் பற்றித்தான் மனூசோஸ் கவலையோடு கேட்டார். "மண்ணு இல்லாம எப்படி அனெஸ்திஸ்? அந்தப் பொண்ணை நம்பலாமா?"

அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். அந்தக் குளிர்காலம் தாண்டும் முன்பே ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். அதனால் நாங்கள் கேட்ட கடைசிப் பேச்சு இதுதான்.

"நம்பாத மனூசோஸ். யாரையும் நம்பாத, என்னையும் சேர்த்துத்தான். பாதிக் குடில் மட்டும் குடு. ஆனா குடுத்துடு."