மூன்றாவது மாடி பிரிண்டர்

சூடான டோனர் வாசனை...

இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால், பினாங்கு ஜார்ஜ்டவுன் ஆபீஸின் மூன்றாவது மாடிதான் ஞாபகம் வருகிறது.

அப்போது நான் ஐ.டி. வேலையில் சேர்ந்து எட்டு மாதம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருவேன். கப்பல் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கிற கம்பெனி. பிரிண்டர் நின்றால் வேலையே நின்றுவிடும். எல்லா பிரிண்டரையும் ஒரு பழைய சர்வர் நடத்திக்கொண்டிருந்தது. "புது சர்வருக்கு மாத்தப் போறோம்" என்று சொல்லிச் சொல்லியே, வருகிற புகாரையெல்லாம் தள்ளிப்போடுவது எங்கள் வழக்கம்.

அந்தோணி அண்ணன் அங்கே சீனியர் கிளார்க். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, மேல பிரிண்டர்ல அடிச்சேன், ஒன்னும் வரல லா. ஆபீஸ் வேலை இல்ல, சொந்த வேலைதான். கொஞ்சம் பாக்குறியா?"

"சர்வர் மாத்துறப்ப எல்லாம் சரியாயிடும் அண்ணே."

"சரி சரி, அவசரமில்ல," என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது...

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சர்வரை மாற்றினோம். பதினொரு பிரிண்டர் சமர்த்தாகப் புது சர்வருக்குப் போய்விட்டன. மூன்றாவது மாடி பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது; இரண்டு வாரமாக அந்த மாடிக்காரர்கள் கீழே இறங்கி வந்துதான் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவரை மாற்றினேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மத்தியானம் வரை உயிரை வாங்கியது.

கடைசியில் பார்த்தால், பழைய சர்வரின் அச்சு வரிசையில் அச்சாகாத ஒரு ஃபைல் அடைத்துக்கொண்டு நின்றது. அனுப்பியவர் அந்தோணி அண்ணன். ஃபைலின் பெயர் 'ஷாலினி'.

ஒரு நிமிஷம் கை நின்றது, உண்மை. ஆனால் பசி, எரிச்சல்... போன மனிதரின் ஃபைல் இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். அழித்தேன்.

உடனே டெஸ்ட் பேஜ் வந்து விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. பழைய சர்வரில் இருந்ததையெல்லாம் அன்றே அழித்துவிட்டோம்.

அடுத்த வாரம் அந்தோணி அண்ணனின் மனைவி ரோசி அக்கா ஆபீசுக்கு வந்தார்.

"தம்பி, மக ஷாலினிக்கு கல்யாணம் வருது. டின்னர்ல படிக்க ஏதோ எழுதுறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. வீட்ல கம்ப்யூட்டர் இல்ல, இங்கதான் அடிச்சிருப்பாரு. கொஞ்சம் தேடிப் பாரேன். அவ கேட்டுக்கிட்டே இருக்கா."

ஆள் போனால் கணினியை அழித்து அடுத்தவருக்குக் கொடுப்பது ஆபீஸ் வழக்கம். அண்ணனின் கணினியையும் அதற்கு முன்பே நான்தான் அழித்திருந்தேன்.

"ஒன்னும் இல்லக்கா," என்றேன். நான் அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எழுத நேரம் கெடைக்கல போல," என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இப்போது எனக்குப் பட்டர்வொர்த் பக்கம் ஜுருவில் வேலை. சர்வர் அறையே கிடையாது, எல்லாம் கிளவுட். தவறி அழித்தாலும் சில வாரத்துக்குள் மீட்டுவிடலாம். அப்போது அந்த வசதி இல்லை... இருந்திருந்தாலும், கேட்டவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தானே.

இந்தப் பதிவு சுத்திச் சுத்தி ஒருநாள் ஷாலினி கண்ணில் படலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா ஷாலினி, அப்பாவுக்கு எழுத நேரம் கிடைத்தது. அந்த வரிசையில் எத்தனை பக்கம் என்றும் காட்டும்.

மூன்று பக்கம் எழுதியிருந்தார்.